உப்புக் காற்றடிக்கும் ஊரில் முதியோர் இல்லச் சமையலறை: கருவிகளைப் பராமரிக்கும் முறை, படிப்படியாக

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாள் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். அடுப்பின் மேல்தட்டை முகம் தெரிகிற மாதிரி தேய்ப்பார்கள். அடுப்பைத் தூக்கி அடியில் பார்க்க யாருக்கும் தோன்றாது.

இந்தக் கரையில் உப்பு முதலில் தின்பது அடிப்பக்கத்தைத்தான். அடுப்புக்கால், சிலிண்டரின் அடிவளையம், பிரிட்ஜின் பின்பக்கக் கம்பி, சுவிட்ச் போர்டின் உள்வாய். மேலே எல்லாம் மின்னிக்கொண்டே இருக்கும். அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையையும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

வரிசை கேஸ், கரண்ட், அப்புறம் இயந்திரங்கள், அதன்பின் பிரிட்ஜ், கடைசியில் கழுவும் வேலை. முதல் இரண்டில் தவறினால் உயிர் போகும். நம் இல்லத்தில் இருப்பவர்கள் எழுந்து ஓட முடியாதவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு டார்ச், சோப்புத் தண்ணீர் நிரப்பிய தெளிப்பான், மென்மையான பிரஷ், உணவில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர், ஒரு நோட்டு. மாற்றுச் சாமான்களாகக் கேஸ் குழாய் ஒன்று, சிலிண்டர் வாய்க்கான வாஷர்கள், குக்கருக்கான கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும், மிக்ஸி ஜாருக்கான ரப்பர் வளையம்.

மாற்றுச் சாமான் எதற்கு என்று நிர்வாகத்தில் கேட்பார்கள். நம் ஊரில் ஒரு கேஸ்கட் கிழிந்தால் ராமநாதபுரம் டவுனுக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். அதுவரை 40 பேருக்குக் கஞ்சி வைக்காமல் இருக்க முடியாது. கிழிந்ததையே நூல் கட்டிப் போட்டுச் சமாளிப்போம். விபத்து அங்கிருந்துதான் வரும்.

கட்டடத்தின் எந்தச் சுவரில் காற்று அறைகிறது என்றும் பார்த்து வையுங்கள். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் தேவிபட்டினம், தொண்டி பக்கம் வடகிழக்குச் சுவர் அடிவாங்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது கீழக்கரை, ஏர்வாடி பக்கம் தென்மேற்குச் சுவர். மண்டபம், பாம்பன்காரர்களுக்கு இரண்டும் உண்டு. அந்தச் சுவரில் இருக்கும் ஜன்னலுக்கு நேரே எந்த இயந்திரத்தையும் வைக்காதீர்கள்.

2. காலையில் கதவைத் திறக்கும் முறை

கதவைத் திறந்ததும் கை தானாக லைட் சுவிட்சுக்குப் போகும். அதை அடக்க வேண்டும். முதலில் கதவு, ஜன்னல்கள். குனிந்து, தரை மட்டத்தில் மோந்து பார்க்க வேண்டும். ஒன்றும் இல்லையென்றால்தான் சுவிட்ச்.

ஏன் குனிய வேண்டும்? சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும், சாக்கடை வாயிலும் இறங்கும். நின்றபடி மோந்தால் மூக்குக்கு எட்டாமல் போகலாம்.

கேஸ் வாடை வந்தால் லைட், ஃபேன், எக்சாஸ்ட் எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி உண்டு. சிலிண்டரை மூடி, கதவுகளை விரியத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906க்கு அழையுங்கள். கேஸ் கசிவுக்கென்றே உள்ள எண் அது. தீ என்றால் 101 அல்லது 112.

வயதாக ஆக மோப்பம் மங்கும். சமையலறையை ஒட்டிய அறையில் படுத்திருக்கும் அப்பத்தாவுக்கு இரவெல்லாம் கேஸ் கசிந்தாலும் தெரியாமல் போகலாம். அந்த அறையில் நடமாட முடியாதவர்களைப் படுக்க வைக்காதீர்கள்.

3. சிலிண்டரும் குழாயும்

சிலிண்டர்கள் கட்டடத்துக்கு வெளியே, நிழலில், காற்றோட்டமாக, நிமிர்ந்து நிற்க வேண்டும். பக்கத்தில் சாக்கடைக் குழி கூடாது. உள்ளே வைத்தால் என்ன என்று கேட்பார்கள். பிரிட்ஜ் யாரும் தொடாமலே தானாக ஓடி நிற்கும். அப்போது அதற்குள் பொறி தட்டலாம். நள்ளிரவில் கேஸ் தேங்கிய அறைக்கு அது போதும்.

சிலிண்டரை வெறும் சிமெண்டுத் தரையில் நிறுத்தாதீர்கள். அடிவளையத்துக்குக் கீழே ஈரம் தங்கி ஒரே மழைக்காலத்தில் துரு ஏறிவிடும். நாங்கள் பனஞ்சட்டம் இரண்டு போட்டு அதன்மேல் நிறுத்துகிறோம். சிலிண்டர் வந்து இறங்கும்போதே சாய்த்து அடியைப் பாருங்கள். செதில் செதிலாகத் துரு உதிர்ந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். வண்டிக்காரர் முணுமுணுப்பார், பரவாயில்லை.

கழுத்துப் பட்டையின் உட்புறத்தில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். அது அடுத்த சோதனைக்கான காலாண்டும் ஆண்டும். ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். தேதி கடந்தது என்றால் அதையும் இறக்கவிடாதீர்கள்.

சிலிண்டர் மாற்றும் வரிசை இது. எல்லா அடுப்பும் அணைந்திருக்க வேண்டும், பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி எதுவும் இருக்கக் கூடாது. பழைய சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றுங்கள். புதியதன் வாய்க்குள் டார்ச் அடித்து வாஷர் இருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பார்த்தபிறகே ரெகுலேட்டரைப் பொருத்துங்கள். பிறகு திறந்து, இணைப்பு எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வந்தால் கசிகிறது. பார்த்து முடித்ததும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள், சோப்பு தங்கினால் அதுவும் உலோகத்தை அரிக்கும். தீக்குச்சி கிழித்துக் கசிவு பார்க்கும் அண்ணன்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கி வையுங்கள்.

ரப்பர் குழாயில் ஆண்டு அச்சிட்டிருக்கும். உள்ளே கம்பி வலை உள்ள ஆரஞ்சு நிறக் குழாயை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். உப்புக் காற்றில் அவ்வளவு காலம் பொறுக்க நான் தயாரில்லை, 3 ஆண்டில் மாற்றிவிடுகிறேன். ரப்பரைவிட அதை இறுக்கும் கிளிப் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதுதான் காரணம். குழாயின் மேல் துணி சுற்றுவது, சுவருக்குள் ஒளிப்பது, அடுப்புக்குப் பின்னால் தொங்கவிடுவது மூன்றும் புதியவர்கள் செய்யும் தப்பு. எலி கடித்தாலும் தெரியாது, வெடிப்பு விட்டாலும் தெரியாது.

கேஸ் கசிவை உணர்ந்து கத்தும் கருவி வாங்கினால் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் மாட்டுங்கள். எங்கள் இல்லத்தில் மாட்ட வந்தவர் அதைக் கூரையை ஒட்டிப் பொருத்திவிட்டுப் போனார். அழகாகத்தான் இருந்தது. கேஸ் அங்கே ஏறி வந்து அது கத்துவதற்குள் காலம் கடந்திருக்கும்.

4. அடுப்பு

பற்றவைக்கும்போது லைட்டரைத் தட்டிக்கொண்டு குமிழைத் திருக வேண்டும். குமிழைத் திருகிவிட்டு லைட்டரைத் தேடினால், அதற்குள் தேங்கிய கேஸ் ஒரே வீச்சில் பிடித்துப் புருவத்தைக் கருக்கும்.

தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திர அடி கரியானால் காற்று போதவில்லை, அல்லது பர்னர் துளை அடைத்திருக்கிறது. வாடையில்லாத நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடு இப்படி அரைகுறையாக எரியும் தீயில்தான் வரும். பர்னரை வாரம் ஒருமுறை கழற்றி, துளைகளை ஊசியால் குத்தி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் முழுக்கக் காயவைத்து மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் மறுவாரம் துருவைத்தான் குத்திக்கொண்டிருப்பீர்கள்.

5. கரண்ட்

போர்டில், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே சுவிட்ச் தானாக விழும் ஆர்சிசிபி என்ற சாதனம் இருக்க வேண்டும். உடம்பு வழியாகக் கரண்ட் தரைக்குப் போனால் கண்ணிமைப்பதற்குள் துண்டிப்பது அதுதான். அதன் முகத்தில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள், பட்டென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

எங்களுக்கு ஒரு ஐப்பசியில் அது அடிக்கடி விழுந்தது. மாவு அரைக்க முடியவில்லை. பார்க்க வந்தவர் "மழைக்காலத்துல அப்படித்தான் அண்ணே" என்று சொல்லி, அதை ஒதுக்கிவிட்டு நேராக இணைத்துவிட்டார். எனக்கும் அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நான்காம் நாள் கிரைண்டரைத் தொட்ட அக்காவின் கை உதறியது. செருப்புப் போட்டிருந்ததால் பிழைத்தார். கிரைண்டர் மோட்டாரின் உறைக்குள் உப்பும் ஈரமும் சேர்ந்து கசிந்துகொண்டிருந்ததை அந்தச் சாதனம் நான்கு நாள் முன்பே சொல்லியிருக்கிறது. தடுத்து நிறுத்தும் சாதனம் தொந்தரவு தருகிறது என்றால், ஒவ்வொரு கருவியாகப் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கியதும் விழாமல் நிற்கிறதோ, பழுது அங்கே.

எர்த்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம்முடையது மணல் பூமி. கோடையில் எர்த் குழி காய்ந்துவிட்டால் கம்பி இருந்தும் பயனில்லை. பங்குனி முதல் ஆவணி வரை வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். குழியில் மாட்டிய கம்பியின் முடிச்சு பச்சை பூத்திருந்தால் எலக்ட்ரீஷியனைக் கொண்டு சுரண்டி இறுக்க வேண்டும். மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை வெட்டிவிட்டு இரண்டு முள் சாக்கெட்டில் செருகும் பழக்கம் இருந்தால், அந்தப் பிளக்கை அப்படியே வெட்டிக் குப்பையில் போடுங்கள்.

6. கிரைண்டரும் மிக்ஸியும்

கழுவுமுன் பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது. ஒருவர் கை உள்ளே இருக்கும்போது இன்னொருவர் வேறு எதற்கோ சுவிட்சைத் தட்டுவது எந்தச் சமையலறையிலும் நடக்கும். நாங்கள் "கை உள்ளே" என்று எழுதிய அட்டை ஒன்றை வைத்திருக்கிறோம். பிளக்கைப் பிடுங்கியவர் அதைச் சாக்கெட்டில் மாட்டுவார், அவரேதான் எடுப்பார்.

சாய்க்கும் கிரைண்டரில் பூட்டு முள்ளைப் போட்டபின்தான் மாவை வழிக்க வேண்டும். பெல்ட்டை மூடியிருக்கும் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டக் கூடாது. சேலைத் தலைப்பு, துப்பட்டா, தளர்ந்த கைலி எதுவும் அதில் சிக்கும்.

மிக்ஸி ஜார்தான் நம் இல்லங்களில் கூடுதல் கவனம் கேட்பது. பல் இல்லாதவர்களுக்கும் விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் எல்லாமே அரைத்துத்தான் போகிறது. ஜார் அடியில் பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்தால் கறுப்பு மசகு உணவில் இறங்கும். ரப்பர் வளையம் பிய்ந்தால் துணுக்கு இறங்கும். நாம் என்றால் நாக்கில் தட்டுப்படும், துப்பிவிடுவோம். படுக்கையில் இருப்பவருக்குக் கரண்டியால் ஊட்டும்போது அது நேரே தொண்டைக்குப் போகும். அதனால் ஒவ்வொரு முறை கழுவும்போதும் வளையம் முழுதாக இருக்கிறதா, பிளேடின் நுனி உடைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகே கவிழ்த்து வையுங்கள். அரைத்தபின் பார்த்துப் பயனில்லை.

7. குக்கரும் இட்லிக் கொப்பரையும்

குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. பருப்பு, கஞ்சி என்றால் பாதிதான். நுரை மேலே ஏறி ஆவித் துளையை அடைக்கும். நம் இல்லங்களில் தினம் இரண்டு வேளை கஞ்சி வைப்பதால் இந்தத் தப்புதான் அதிகம் பார்க்கிறேன். மூடுமுன் மூடியைத் தூக்கி, துளை வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

சேஃப்டி வால்வு உருகிப் போனால் அதே கம்பெனியின் வால்வைத்தான் போட வேண்டும். திருகாணி போட்டு அடைத்த குக்கர் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அதைக் குக்கர் என்று சொல்ல முடியாது.

போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும் ஊர்களில் கொப்பரைக்குள் வெள்ளையாகப் படிவு கட்டும். படிவு தடித்தால் சூடு ஏறாது, கேஸ் வீணாகும். வினிகர் அல்லது எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊறவிட்டால் இளகும். சுத்தியல், கரண்டி கொண்டு கொத்தாதீர்கள். கொப்பரைக்கு மட்டுமாவது காவிரித் தண்ணீரை ஊற்ற முடிந்தால் இந்த வேலையே பாதி குறையும்.

8. பிரிட்ஜ்

பின்பக்கத்தைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, கம்பிச் சுருளில் படிந்த தூசியையும் உப்பையும் பிரஷ்ஷால் தட்டுங்கள். கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்திருக்கிறது.

உள்ளே 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே, ஃப்ரீசரில் மைனஸ் 18. திருகியில் எழுதிய எண்ணை நம்பாமல் தெர்மாமீட்டரை நம்புங்கள். அதையும் சோதிக்க வேண்டும்: பனிக்கட்டி கலந்த தண்ணீரில் 0, கொதிக்கும் தண்ணீரில் 100 காட்ட வேண்டும். கடல் மட்டத்தில் இருப்பதால் நமக்குக் கொதிநிலைக் கணக்கில் குழப்பமில்லை, கொடைக்கானல்காரர்களுக்குத்தான் கஷ்டம்.

கரண்ட் போனால் கதவைத் திறக்காதவரை சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24. எப்போது போனது என்று கதவிலேயே எழுதி ஒட்டுங்கள்.

மீன் இங்கே தனிக்கதை. சூரை, சாளை, கானாங்கெளுத்தி போன்றவை பனிக்கட்டி இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நஞ்சு உருவாகும். முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். அதை எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. "புளி ஊத்திக் கொதிக்கவச்சா சரியாப் போயிரும்" என்பது இந்த விஷயத்தில் தவறு. கரையிலிருந்தே ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து, வந்தவுடன் உள்ளே வையுங்கள்.

சமைத்ததைப் பரிமாறும்வரை 60 டிகிரிக்கு மேல் வைத்திருங்கள். மீண்டும் சுடவைத்தால் நடுப்பகுதி 75 வர வேண்டும். சோற்றை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். அதில் இருக்கும் கிருமியின் விதைகள் சமையலில் சாவதில்லை, வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சைச் சேர்க்கும்.

இன்சுலினைச் சமையலறை பிரிட்ஜில் வைக்காதீர்கள். அதற்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், உறைந்தால் கெட்டது. நாளுக்கு ஐம்பது முறை திறந்து மூடும் பிரிட்ஜ் அதற்குத் தோதில்லை. நர்ஸ் அறையில் சின்னதாகத் தனியே ஒன்று வாங்கச் சொல்லுங்கள்.

9. கழுவுவது

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. உப்போ பிளீச்சிங் பவுடரோ தங்கினால் புள்ளி புள்ளியாகக் குழி விழும். போர்த் தண்ணீரில் கழுவினாலும் கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருக்கட்டும், துடைத்துக் காயவையுங்கள். புதிதாக மேசை, தொட்டி செய்தால் 202 ரக எவர்சில்வர் என்று மலிவாகத் தருவதை விட்டு 304 ரகத் தகடு கேளுங்கள். கம்பி நார் வேண்டாம். அதிலிருந்து பிரியும் இழை ஒருநாள் ரசத்தில் கிடக்கும்.

வெட்டும் பலகைகளுக்குப் பத்து லிட்டர் தண்ணீரில் சுமார் 3 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். கடற்காற்றின் ஈரத்தில் அது சீக்கிரம் வீரியம் இழக்கும், சிறு பொட்டலமாக வாங்கி இறுக மூடி வையுங்கள். கழிவறை ஆசிட்டோடு அதைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

10. புகைக்கூண்டும் தீயும்

வடிகட்டிகளை வாரம் ஒருமுறை சுடுதண்ணீரிலும் பாத்திரச் சோப்பிலும் ஊறவையுங்கள். பிசுபிசுத்த எண்ணெய்தான் அடுப்புத் தீயைக் கூரைக்கு ஏற்றும்.

எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து, மூடியை ஓரத்திலிருந்து சறுக்கி மூட வேண்டும். சமையல் எண்ணெய்த் தீக்கென்றே வெட் கெமிக்கல் அணைப்பான் உண்டு, அதை அடுப்பருகில் வைக்காமல் வாசலருகில் மாட்டுங்கள். தீயைத் தாண்டிப் போய் எடுக்க முடியாது. சிலிண்டர் வாயில் தீ எரிந்தால் வால்வை மூடித்தான் அணைக்க வேண்டும். தீயை மட்டும் அணைத்துவிட்டால் கேஸ் வந்துகொண்டே இருக்கும்.

யாருக்காவது சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், மை, மாவு எதுவும் வேண்டாம்.

11. பாம்பனில் கூண்டு ஏறினால்

புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்தவுடன் செய்யும் வேலைகள்: சிலிண்டர்களைச் சங்கிலியால் சுவரோடு கட்டுவது, காலி சிலிண்டரையும் சேர்த்து. அது மிதக்கும், உருளும். ஃப்ரீசரில் இடம் இருக்கும் அளவுக்குத் தண்ணீர் பாட்டில்களை உறையவைப்பது. மீன், இறைச்சியை அன்றே சமைத்து முடிப்பது. எக்சாஸ்ட் வாயை வெளியிலிருந்து மூடுவது. மூடியபின் அந்த ஃபேன் சுவிட்சில் அட்டை மாட்டுவது.

புயல் போனபின் எந்த இயந்திரத்தையும் உடனே ஓட்டாதீர்கள். தண்ணீர் புகுந்த மோட்டாரை எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.

12. இரவு பூட்டும் வரிசை

அடுப்பு எரியும்போதே முதலில் சிலிண்டரை மூடுங்கள். குழாயில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து தீ தானாக அணையும். அப்புறம் அடுப்புக் குமிழ். இப்படிச் செய்தால் இரவில் குழாய்க்குள் கேஸ் நிற்காது.

அடுத்து, பிரிட்ஜையும் கேஸ் கசிவுக்குக் கத்தும் கருவியையும் தவிர எல்லாப் பிளக்கும் வெளியே. பிரிட்ஜ் வெப்பநிலையை நோட்டில் எழுதுங்கள். அன்று எது சத்தம் போட்டது, எது வழக்கத்தைவிடச் சூடானது என்று ஒரு வரி எழுதுங்கள். காலையில் வருகிறவர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

கடைசியாகக் கதவு. மறதி நோய் உள்ள பெரியவர்கள் நள்ளிரவில் "புள்ளைக்குப் பால் காச்சணும்" என்று எழுந்து வருவார்கள். அவர்கள் கை அறுபது வருஷம் அடுப்பைத் திருகிய கை, இருட்டிலும் குமிழ் எங்கே என்று அதற்குத் தெரியும். பூட்டிவிட்டுச் சாவியை ஆணியில் மாட்டாமல், இரவுப் பணியில் இருப்பவர் கையில் கொடுத்து, நோட்டில் அவர் கையெழுத்தை வாங்குங்கள்.